உள்ளே விட்ட துணி

தாமான் ஸ்ரீ மூடா,
ஷா ஆலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியம்மா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். செக்‌ஷன் 7 அறையில், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று கறுப்புக் குப்பைப் பைகள், வாய் கட்டி வரிசையாக நிற்கின்றன. "இதெல்லாம் எங்கே கொடுக்கலாம் பெரியம்மா? இனிமேல் பூமிக்குக் கெடுதல் செய்யாத துணிதான் போடப்போகிறேன். ஆர்கானிக் பிராண்டு நாலு பார்த்து வைத்திருக்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தாய். ஏதோ ஆவணப்படம் பார்த்து அழுதேவிட்டாயாம். அந்த மனசு உனக்கு இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் போனில் பேசினால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பைகளை இப்போதைக்கு எங்கும் கொடுக்காதே. கட்டை அவிழ்த்து வை.

ஏன் என்று சொல்கிறேன். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. நீ அப்போது ஈப்போவில் இருந்தாய், எங்கள் தாமானைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். கிள்ளான் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. மாடி இருந்தவர்கள் மாடிக்கு ஏறினார்கள். மாடி இல்லாதவர்கள் கூரைக்கு ஏறினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு தெருவின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் குப்பை. மெத்தை, அலமாரி, பள்ளிப் புத்தகம் எல்லாம் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே துணி கிடந்தது. சேற்றில் ஊறிய துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா? ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். ஒரு குடும்பத்தில் இத்தனை துணியா இருந்தது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. என் அலமாரியை நானே அள்ளி வெளியே போட்டேன். பருத்திப் புடவைகளில் சேற்றுக் கறை போகவே இல்லை. பாலியெஸ்டர் புடவைகள் இரண்டு அலசலில் புதிதுபோல் ஆகிவிட்டன. அது எண்ணெயிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் நூல், பாப்பா. மக்காது. குப்பை மேட்டிலும் அது அப்படித்தான் கிடக்கும்.

அதற்கு அடுத்த சில நாளில் உதவித் துணி வந்து குவிந்தது. கொடுத்த கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த நாடே எங்களுக்காக ஓடிவந்தது. ஆனால் எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது உள்ளாடை, ஆம்பளைகளுக்குக் கைலி, பெண்களுக்குப் பாத்தேக் கைலி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை. வந்ததில் பாதி ஜிகினா வைத்த பார்ட்டி கவுன், ஜிப் போன ஜீன்ஸ், அக்குளில் மஞ்சள் பிடித்த டி-ஷர்ட். வீடே போய் நின்ற பெண்கள் பத்துப் பேர் இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். மீந்தது மழையில் நனைந்து பூஞ்சை பிடித்து, எங்கள் சொந்தக் குப்பையோடு சேர்ந்து லாரியில் ஏறியது. அந்த மூட்டைகளையும் யாரோ ஒருவர் உன்னைப்போல நல்ல மனசோடுதான் கட்டியிருப்பார்.

இப்படி நல்ல மனசோடு கழிக்கிற துணி எங்கெல்லாம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் துறைமுகம் உன் அறையிலிருந்து அரை மணி நேரம்தான். ஜப்பானிலும் மற்ற பணக்கார நாடுகளிலும் கழித்துப் போட்ட துணி அங்கே கண்டெய்னரில் வந்து இறங்குகிறது. நீயும் உன் தோழிகளும் பண்டல் கடையில் தேடித் தேடி வாங்குவது அதிலிருந்துதான். பிரித்து எடுத்தது போக மிச்சம் மறுபடியும் கப்பல் ஏறுகிறது. கானா நாட்டின் அக்ராவில் காந்தமாந்தோ என்று ஒரு பெரிய சந்தை. அங்கே இந்தத் துணிக்கு அவர்கள் மொழியில் வைத்திருக்கும் பெயருக்கு "செத்த வெள்ளைக்காரனின் உடுப்பு" என்று அர்த்தம். உயிரோடு இருக்கிற ஒருவன் இவ்வளவு நல்ல துணியைக் கழிப்பானா என்று நினைத்து வைத்த பெயர். இப்போது அங்கே போய்ச் சேருவதில் விற்காதது கடற்கரையில் கயிறு கயிறாகப் புரள்கிறது. சிலி நாட்டின் அத்தக்காமா பாலைவனத்திலும் விற்காத துணி மலையாகக் கிடக்கிறது.

மறுசுழற்சி செய்துவிடுவார்கள் என்று நினைக்கிறாயா? எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடுப்புக்காகச் செலவாகும் மூலப்பொருளில் மறுபடியும் உடுப்பாகத் திரும்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு. காரணம் சாதாரணமானது. உன் டி-ஷர்ட்டில் பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலாக முறுக்கியிருக்கும். அதைத் திரும்பப் பிரிப்பது கலந்த அரிசியையும் உமியையும் பிரிப்பது மாதிரி இல்லை. குழைந்த சோற்றிலிருந்து உப்பைப் பிரிப்பது மாதிரி. அப்படியும் உண்மையிலேயே போட முடியாத துணி இருந்தால், அதற்கு வழி உண்டு. கிளோத் கேர்ஸ் என்ற இயக்கம் 2018 முதல் பேரங்காடிகளிலும் மற்ற இடங்களிலும் துணி போடும் பெட்டிகள் வைத்திருக்கிறது. போடத்தக்கது மறுபடி உடுப்பாகும். மற்றது துடைக்கும் துணியாகவோ எரிபொருளாகவோ மாறும். கந்தலை அங்கே போடு. கந்தல் இல்லாததை உன்னிடமே வைத்துக்கொள்.

இப்போது முதல் பையின் வாயில் பிதுங்கித் தெரிகிற அந்தப் பச்சைக் குர்தியை எடு. உன் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு நான் தைத்தது. உள்பக்கம் திருப்பு. இரண்டு பக்கத் தையலுக்கும் வெளியே ஒரு அங்குலம் துணி மடிந்து நிற்கிறதா? அதைத்தான் நாங்கள் "உள்ளே விட்ட துணி" என்போம். அடுத்தது, போன வருஷம் ஆன்லைனில் 19 வெள்ளி 90 காசுக்கு வாங்கிய அந்தக் கறுப்பு கவுனைத் திருப்பிப் பார். ஓவர்லாக் மிஷின் தையலைப் போட்டு, தையலை ஒட்டியே மிச்சத்தை வெட்டிவிட்டிருக்கும். கால் அங்குலம்கூட இருக்காது. ஒரு லட்சம் கவுன் தைக்கிறவனுக்கு அந்த முக்கால் அங்குலத்தில் எவ்வளவு துணி மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார். அவனுக்கு லாபம். ஆனால் நீ ரெண்டு கிலோ கூடினால் அந்த கவுனுக்குக் கதி இல்லை. அதை யாராலும் பெரிதாக்க முடியாது. நான் முப்பத்தெட்டு வருஷமாக மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், என்னாலும் முடியாது.

ஒரு துணி எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு நான் முதலில் பார்ப்பது பிராண்டையும் இல்லை, ஆர்கானிக் முத்திரையையும் இல்லை. உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். போன மாதம் ஒரு அம்மா 1996இல் தைத்த தன் கல்யாண ரவிக்கையைக் கொண்டுவந்தார். மகள் கல்யாணத்துக்கு அதையே போட வேண்டுமாம். ஓரத் தையலைப் பிரித்தேன். நூலை நாலு தையலுக்கு ஒரு தரம் வெட்டி, மறுபக்கத்திலிருந்து இழுத்தால் முழு நூலும் ஒரே இழையாக வரும். மடிப்பைத் திறந்ததும் உள்ளே அரக்குச் சிவப்பு, தறியிலிருந்து நேற்று இறங்கியது போல. வெளியே அதே துணி செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. நடுவில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாக நின்றன. பருத்தியாக இருந்தால் ஈரத் துணி வைத்துத் தேய்த்து, நகத்தின் பின்பக்கத்தால் வருடினால் ஓட்டை மூடிக்கொள்ளும். இது பட்டு, அவ்வளவு சுலபத்தில் மூடாது, அதனால் புதுத் தையலுக்கு மேலே மெல்லிய பைப்பிங் வைத்து மறைத்தேன். அந்த அம்மா போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். 1996இல் யாரோ ஒரு தையற்காரர் அந்த ஒரு அங்குலத்தை வெட்டாமல் விட்டதால் வந்தது அது.

உன் பாட்டி பால்மரம் சீவிய தோட்டம் இப்போது இல்லை. நீ இருக்கிற ஷா ஆலமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி, பால்மரமும் செம்பனையும் நின்ற மண். 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. பாட்டியிடம் மூன்று வகைத் துணி இருந்தது: காட்டுக்கு, வீட்டுக்கு, கோயிலுக்கு. சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு சீக்கியத் துணிக்காரர் லயத்துக்கு வருவார். சம்பள நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார். கோயில் புடவை பழசானால் வீட்டுக்கு வரும். வீட்டுப் புடவை காட்டுக்குப் போகும். பால் சொட்டிக் கறுத்த கறையோடு அது கிழிந்த பிறகு, கறை படாத பக்கம் எனக்குப் பாவாடை, உன் அம்மாவுக்குத் தூளி, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. பச்சைக் குழந்தையைப் புதுத் துணியில் வாங்க மாட்டார்கள் நம் வீடுகளில். நூறு தடவை அலசி மெத்தென்று ஆன பழம்புடவையில்தான் வாங்குவார்கள்.

இதைச் சொல்வதால் அந்த வறுமையை நான் போற்றுகிறேன் என்று நினைத்துவிடாதே. பள்ளியில் என் பாவாடையின் பால் கறையைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. புதுத் துணி வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் புரியும். நம் ஜனம் இரண்டு தலைமுறையாக ஆசைப்பட்டு எட்டிப் பிடித்தது அது. நல்லதாக உடுத்து. நன்றாக உடுத்து. பாட்டியிடமிருந்து நாம் கைவிட்டது வறுமையை மட்டும் இல்லையே என்பதுதான் என் வருத்தம். துணியின் ஆயுசை முழுக்க வாழவைக்கும் கை ஒன்று அவளுக்கு இருந்தது. அதையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

அந்த 19 வெள்ளி 90 காசு எப்படிச் சாத்தியம் என்று யோசித்திருக்கிறாயா? 500 வெள்ளிக்கு மேற்படாமல் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்குவதற்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத வரி வந்தது. அதற்குப் பிறகும் அது மலிவுதான். குறைத்த விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள். வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். சுவரில் விரிசல் விட்டது முந்தின நாளே தெரிந்தும் உள்ளே வேலைக்குப் போகச் சொன்னதால் போனவர்கள்.

நம்மவர்கள் ஊரிலும் அந்த விலையைக் கட்டினார்கள். உன் பனியன், டி-ஷர்ட் எல்லாம் பின்னும் திருப்பூரில் நொய்யல் என்று ஒரு ஆறு. கோவைப் பக்கம் வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கரூர்ப் பக்கம் காவேரியில் சேருகிறது. சாயப்பட்டறைகள் உப்பும் சாயமும் கலந்த கழிவுநீரை அதில் விட்டன. கீழே ஒரத்துப்பாளையத்தில் உழவர்களுக்காக ஓர் அணை கட்டினார்கள், 1992இல் முடிந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அந்தத் தண்ணீரை வயலுக்கு விட வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. பாசனத்துக்கு அணை கிடைத்த ஊர், அணையைத் திறக்காதே என்று கேட்க வேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். வருஷக்கணக்காக வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் மறுபடி திறந்தார்கள். அதற்குச் செலவு பெரிது. அந்தச் செலவைச் செய்கிற பட்டறை, செய்யாத ஊரின் பட்டறையோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கிறது. மலிவு துணியே வேண்டும் என்று நாம் கேட்கும்போது யார் பக்கம் நிற்கிறோம் என்று நீயே யோசித்துக்கொள்.

இவ்வளவையும் கேட்டால் ஆர்கானிக் பிராண்டு வாங்குவது நல்லதுதானே என்பாய். வாங்கு, தேவைப்படும்போது. முழு அலமாரியையும் காலி செய்துவிட்டு அதை நிரப்ப வாங்காதே. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில் மத்திய ஆசியாவின் ஆரல் கடலே பெரும்பாலும் வற்றிப்போனது. உன் பையில் இருக்கும் பத்து டி-ஷர்ட்டுக்கும் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதை எறிந்துவிட்டுப் புதிதாகப் பத்து வாங்கினால், எந்த முத்திரை ஒட்டியிருந்தாலும், இன்னொரு தரம் செலவு. "மூங்கில் துணி" என்று விற்பதில் பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான். பண்டல் கடைக்கும் இதையே சொல்வேன்: மலிவு என்பதற்காக ஐந்து எடுக்காதே, திருப்பிப் பார்த்து ஒன்று எடு.

துணியில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் தையற்காரர்கள் செய்வதைச் செய். உள் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, சின்ன இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்து. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பஞ்சு போன்ற சாம்பலாகும். பட்டு முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியான மணியாக நிற்கும். ஒரு தரம் விரலில் அந்த மணியை உருட்டிப் பார்த்தால், இந்த வெயிலில் அந்தத் துணி ஏன் உடம்பில் ஒட்டிக்கொண்டு நாறுகிறது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

துவைப்பதைப் பற்றி ஒன்று. உன் அறைக்குக் கீழே டோபிக் கடை இருக்கிறது, காசு போட்டால் ஒரு மணி நேரத்தில் துவைத்து உலர்த்தித் தருகிறது. நீ எல்லாவற்றையும் அதில்தான் போடுகிறாய். அடுத்த தடவை உலர்த்தும் மிஷினின் சல்லடையைத் திறந்து பார். சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருக்கும். அது அழுக்கு இல்லை, பாப்பா. உன் துணி. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தேய்ந்து போகிறது. சூட்டில் எலாஸ்டிக்கும் செத்துப்போகிறது. துவைக்கிற தண்ணீரோடும் போகிறது: கடலில் நேரடியாகச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை நூல் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2017இல் மதிப்பிட்டது. சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிற ஊரில் உலர்த்துவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அறைக்குள் கொடி கட்டி மின்விசிறியைப் போட்டுவிடு. காலையில் ஈரம் மிச்சம் இருந்தால் மட்டும் பத்து நிமிஷம் மிஷினில் விடு. ஒரு நாள் போட்ட ஜீன்ஸைத் துவைக்காதே, காற்றாட மாட்டு.

தீபாவளிக்குக் குடும்பம் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும், ஆன்லைனில் பார்க்கிறேன் என்று நீ தம்பியிடம் சொன்னதும் காதில் விழுந்தது. ஒரே நிறம் என்பதில் எனக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை, அந்த போட்டோ எனக்கும் பிடிக்கும். ஆனால் போன வருஷத்து மயில் நீல செட்டை அதற்குப் பிறகு யாராவது ஒரு தரம் போட்டோமா? இந்தத் தடவை கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானா கடைத்தெருவுக்கு என்னோடு வா. கூட்டம் சேர்வதற்கு முன்னால், இரண்டு மாதம் இருக்கும்போதே போவோம். உனக்கு ஒரு பருத்திப் புடவை எடுப்போம். புடவைக்கு அளவு என்று ஒன்று கிடையாது. ஐந்தரை மீட்டர் துணியில் கத்தரிக்கோல் படவே இல்லை. பாட்டி கட்டியது உனக்குச் சரியாக இருக்கும், நீ கட்டியது உன் மகளுக்குச் சரியாக இருக்கும். பெரியப்பா கட்டுகிற கைலியும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை நீலப் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் கட்டியிருக்கும் பெலிக்காட் சாரோங்கைப் பார்த்திருப்பாய். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காட்டின் பெயர்தான், கப்பலில் துணியோடு சேர்ந்து வந்த பெயர். இந்த மண்ணில் நாம் கூலிகளாக இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே நம் தறித்துணி இங்கே மதிப்போடு இறங்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடு. தரையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம். பச்சைக் குர்தியைப் பெரிதாக்கப் பிரிக்கிற வேலை உனக்கு. பிரிக்கத் தெரிந்தால் தைக்கப் பாதி தெரிந்த மாதிரி. வரும் வழியில் அதற்கு நூல் வாங்கிக்கொண்டு வா. கடைக்குக் குர்தியையே எடுத்துப் போ, கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டி வாங்காதே. நூலை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார். உள்ளே மடிந்திருக்கிற பச்சைக்கு எடுத்துவிடாதே, வெளியே வெளுத்த பச்சைக்கு எடு.

அன்புடன்,
பெரியம்மா